எத்தனை பல்லு?

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையிலேயே 104-ஆம் ரூம்காரர் சுடுதண்ணீர் வரவில்லை என்று கீழே இறங்கி வந்துவிட்டார். "ரெண்டே நிமிஷம்ங்க, வந்துரும்ங்க" என்றேன். கீசரே ரிப்பேருக்குப் போயிருக்கிறது. எங்கிருந்து வரும்? ஆனாலும் மனிதர் நம்பி மாடிக்குப் போய்விட்டார். என் குரல் அப்படி. கொடைக்கானலில் இந்த லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய குரல், வெண்ணெய் தடவினது போல வரும். என் மனைவி சௌம்யா அதற்கு 'ரிசப்ஷன் குரல்' என்றே பெயர் வைத்திருக்கிறாள். வீட்டில் தப்பித் தவறி அந்தக் குரல் வந்தால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

அது கிடக்கட்டும். நெவ்ரா கம்பெனி இன்று புது டேப்லெட்டை அறிவித்துவிட்டது. படம் போட்டார்கள். விலை சொன்னார்கள். தீபாவளிக்கு முன்னால், அக்டோபர் 16 அன்று பெங்களூரில் வெளியீட்டு விழா என்றார்கள். உள்ளே என்ன பிராசஸர் என்பதை மட்டும் சொல்லவில்லை. "இதுவரை காணாத ஆற்றல்" என்று ஒரே ஒரு வரி. மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால் "நல்ல உத்தியோகம்" என்று தரகர் சொல்வாரே, அப்படி.

எங்களைப் போல டெக் சேனல் நடத்துகிறவர்களுக்கு இது போதாதா? ஊகம்தானே எங்களுக்குச் சோறு. மதியம் சாப்பாட்டு நேரத்தில் போர்வை அடுக்கும் ரூமுக்குள் நின்று வெரசாக ஒரு வீடியோ எடுத்தேன். அப்லோடு போட்டேன். மேகம் இறங்கிவிட்டது. டவரும் மேகத்தோடு போய்விட்டது. சுற்றிக்கொண்டே இருந்தது, சாயங்காலம் வரைக்கும்.

அதற்குள் கதிர்வேல் போட்டுவிட்டான். என் தாய்மாமன் மகன். பழனி அடிவாரத்தில் மாமாவின் பஞ்சாமிர்தக் கடைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ. 'அடிவாரம் டெக்.' அவனுக்கு நாலு லட்சம் பேர். என் 'மலைக்காட்டு டெக்'கிற்கு எத்தனை பேர்? வேண்டாம், எழுதக் கை கூசுகிறது.

வீடியோவின் தலைப்பு என்ன தெரியுமா? "நெவ்ரா டேப்: எத்தனை பல்லு?"

பல்லு! அது என் வார்த்தைடா!

செப்டம்பர் 17, புதன்

அவன் வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று இன்று முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்த எண்ணிக்கையில் நானும் பலமுறை சேர்த்தி. ஆக, அவனை வளர்த்துவிடுகிறவனே நான்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

மனசு ஆறவில்லை. எழுதியாவது தொலைக்கிறேன்.

போன வருஷம் பூம்பாறையில் எங்கள் பூண்டுத் தோட்டத்தில் நின்று நான் ஒரு வீடியோ எடுத்தேன். கையில் ஒரு முழுப் பூண்டு. "இதுதாங்க பிராசஸர். உள்ள இருக்கிற ஒவ்வொரு கோரும் ஒரு பல்லு. பெரிய பல்லு கஷ்டமான சோலிக்கு. சின்னப் பல்லு, பேட்டரியைத் தின்னாம சில்லறைச் சோலி பார்க்க. எட்டுக் கோர்னா எட்டுப் பல்லு. அம்புட்டுதான்." எங்கள் ஊரில் பிறந்தவனுக்குத்தான் இது தோன்றும். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் பார்த்த எல்லாரும் சிரித்தார்கள், புரிந்தது என்றார்கள். அடுத்த வாரமே கதிர் பூண்டும் கையுமாக வந்து நின்றான். கடைப் பூண்டு! சீனாவோ எங்கேயோ விளைந்த வெள்ளைப் பூண்டு! மலைப்பூண்டுகூட இல்லை. அது லட்சக்கணக்கில் ஓடியது. இப்போது தமிழில் டெக் பேசுகிற பாதிப் பேர் 'பல்லு' என்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று எவனுக்கும் தெரியாது.

கேட்டதற்கு என்ன சொன்னான்? "நல்லா இருந்துச்சு மச்சான், அதான் எடுத்துக்கிட்டேன்." ஏதோ பந்தியில் அப்பளம் எடுத்துக்கொண்ட மாதிரி.

இன்று அம்மா போன். "கதிரு வீடியோ பாத்தியாடா? நம்மூருப் பூண்ட வச்சே வெளக்கிட்டான். எங்க அண்ணன் மகனுக்கு எம்புட்டு அறிவு!"

"அம்மா, அது நான் சொன்னதும்மா."

"யார் சொன்னா என்னடா? எல்லாம் ஒரே குடும்பந்தான?"

ஒரே குடும்பம். சரிதான். அந்தக் குடும்பத்தில் நாலு லட்சம் பேர் ஒரு பக்கமும் மேகம் ஒரு பக்கமும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

லாட்ஜ் ஓனர் வேலுச்சாமி அண்ணன் இன்று கூப்பிட்டார். "ஏலே பொன்னு, வட்டக்கானல்ல புது லாட்ஜு கட்டி முடிச்சாச்சு. நீதான் மேனேஜரு. தீபாவளி கழிஞ்சதும் வந்துரு. ஆனா இந்தக் கேமராச் சோலியெல்லாம் அங்க ஆகாது, சொல்லிட்டேன். சனி ஞாயிறு மூச்சு விட நேரம் இருக்காது."

ஏரிக்கரை சாக்லேட் கடையிலிருந்து சௌம்யா வந்ததும் சொன்னேன். அவள் கோபப்படவும் இல்லை, குதிக்கவும் இல்லை. "தீபாவளி வரைக்கும் டைம் எடுத்துக்கோங்க. அதுக்குள்ள சேனல் கிளிக் ஆச்சுன்னா ஓகே. இல்லைன்னா அதை மூடிட்டு இந்த வேலையை எடுங்க. டீலா?" என்றாள்.

டீல் என்றேன். என்ன சொல்ல? ஏழு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருப்பவள்.

ஆக, எல்லாம் இந்த டேப்லெட்டில் வந்து நிற்கிறது. கதிர் உட்பட எல்லாரும் சொல்வது எட்டு: போன மாதம் வந்த நெவ்ரா போனில் இருக்கும் அதே எட்டுக் கோர் சிப். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த விலைக்கு அதை வைத்தால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. போன வருஷத்து ஆறு கோர் சிப்புக்குப் புதுப் பெயர் சூட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது என் கணக்கு. எல்லாரும் எட்டு என்று கூவும்போது நான் ஒருவன் மட்டும் ஆறு என்று சொல்லி, அது பலித்துவிட்டால்? அப்போது பார்க்கலாம் யார் அறிவு எம்புட்டு என்று.

செப்டம்பர் 24, புதன்

பெங்களூர் விழாவுக்குக் கதிரை அழைத்திருக்கிறார்கள். விமான டிக்கெட்டோடு. ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். நானும் போய் வாழ்த்துகள் போட்டேன், மூன்று கைதட்டல் பொம்மையோடு. கை தனியாக எரிந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

லீவு போட்டுப் பூம்பாறைக்குப் போயிருந்தேன். பூண்டு பிடுங்கிக் காயவைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். நானும் உட்கார்ந்தேன்.

அம்மா வாய் ஓயவில்லை. "கம்பெனிக்காரனே ஏரோப்ளேன் டிக்கெட் போட்டுக் குடுத்தானாம்டா. எங்க வம்சத்துல ஏரோப்ளேன் ஏறுற மொத ஆளு." நான் தலையைக் குனிந்து பூண்டின் தோலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "நீயும் அவன்கிட்ட ரெண்டு யோசனை கேட்டுக்கலாம்ல?" என்றாள். கேட்க வேண்டியதுதான். என் யோசனையைத் திருப்பித் தா என்று.

அந்த எரிச்சலில் ஒரு பூண்டை அழுத்திவிட்டேன் போல. ஒரு பல் மெத்தென்று அமுங்கியது. அப்பா வாங்கிப் பார்த்தார். அந்தச் சொத்தைப் பல்லை மட்டும் நெம்பி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பக்கத்துக் குவியலில் போட்டார். "ஒண்ணு சொத்தைன்னா முழுசையும் வீசவா முடியும்? ரெண்டாந்தரத்துல போகட்டும்" என்றார்.

எட்டுப் பல் பூண்டு, ஏழாகி விலைக்குப் போகிறது.

அங்கேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா, "என்னடா தனியாச் சிரிக்கிற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். கெட்ட சிரிப்புதான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இதில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

செய்துவிட்டேன்.

கதிர்தான் கூப்பிட்டான். "மச்சான், பெங்களூரு போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு கணிப்பு வீடியோ போடணும். ஒனக்கு ஏதாச்சும் தகவல் வந்துச்சா?" என்றான். அவனாக வந்து கேட்டான்! நானா தேடிப் போனேன்?

சொன்னேன்: "வந்துச்சுங்க மாப்ள. லாட்ஜ்ல ஒரு கெஸ்ட் தங்கியிருந்தாருங்க. நெவ்ரா கம்பெனி ஆளு. ஏழு பல்லுன்னு சொல்லிட்டுப் போனாருங்க. எட்டுல ஒண்ணு சொத்தை. அதை அமத்திப்புட்டு ஏழா விக்கிறாங்களாம்."

பிசிறில்லாமல் வந்தது. "ஏழா?" என்றான். "ஏழுதாங்க" என்றேன். "சரி மச்சான். ரொம்பத் தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டான்.

ஏழு கோர்! ஒற்றைப்படையில் யாராவது வைப்பானா? உலகத்தில் எங்கேயோ ஒன்றிரண்டு அப்படி வந்திருக்கலாம். ஆனால் பகட்டே பிழைப்பான இந்தக் கம்பெனி, சொத்தை எடுத்த சிப்பைப் புது டேப்லெட்டில் வைத்து மேடையேற்றுமா? கதிர் சொல்லப்போகிறான், நாலு லட்சம் பேரும் சிரிக்கப்போகிறார்கள்.

சௌம்யாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கேமரா ஸ்டாண்டுக்குச் சௌம்யா சந்தனம் குங்குமம் வைத்தாள். "நல்லது நடக்கட்டும்" என்று கும்பிட்டாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

என் வீடியோ போட்டாகிவிட்டது. "அடிச்சுச் சொல்றேன், ஆறு பல்லுதான்!" அபூர்வமாக மேகம் இல்லை. உடனே ஏறிவிட்டது. நல்ல சகுனம்.

அக்டோபர் 4, சனி

ஐயோ.

கதிர் வீடியோ போட்டுவிட்டான். ஏழு என்றுதான் சொன்னான். ஆனால் எப்படிச் சொன்னான்! "நண்பர்களே, இது என்னுடைய கணிப்பு இல்லை. கொடைக்கானலில் 'மலைக்காட்டு டெக்' நடத்துகிற என் மச்சான் பொன்னுவேல் சொன்னது. அவர் வேலை பார்க்கிற லாட்ஜில் தங்கிய நம்பகமான ஆள் அவரிடம் சொல்லியிருக்கிறார். பூண்டை வைத்துப் பல்லுக் கணக்கை முதன்முதலில் சொன்னவரும் அவர்தான். ஏழு பல்லு! இது பொன்னுவேலின் வாக்கு!"

படம் வேறு. என் கல்யாணப் போட்டோ. மாலையும் கழுத்துமாக நான்.

ஒரு வருஷமாக நான் ஏங்கின வார்த்தை. அவர்தான் முதலில் சொன்னவர் என்று அவன் வாயால், நாலு லட்சம் பேர் முன்னால். அதை இன்றைக்கா சொல்ல வேண்டும்? இதற்கா சொல்ல வேண்டும்?

இவன் என்ன மனுஷன்! நான் குழி தோண்டி வைக்கிறேன், இவன் அதில் எனக்குச் சிலை வைக்கிறான். இவனுடைய நல்ல குணத்தின் மேலும் பொறாமையாக இருக்கிறது. அதுகூட அவனுக்கே போய்ச் சேர வேண்டுமா?

அக்டோபர் 5, ஞாயிறு

என் வீடியோவுக்குக் கீழே இதுவரைக்கும் பார்க்காத கூட்டம். எல்லாம் ஒரே கேள்வி. "மச்சானுக்கு ஏழு, எங்களுக்கு ஆறா?" "அண்ணே, வாக்கு மாறிட்டீங்களே?" "ஒரு பல்லு எங்கண்ணே விழுந்துச்சு?"

சௌம்யா எல்லாவற்றையும் வாசித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு அந்த கெஸ்ட்? எந்த ரூம்?"

"மேல, 201ங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் என்னையே பார்த்தாள். "என்கிட்டயே ரிசப்ஷன் குரலா?"

அப்புறம் மறைக்க முடியவில்லை. எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். சாக்லேட் கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "சேனல் ஓடலைன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. இது அசிங்கமா இருக்கு. வெரசா போன் பண்ணி அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க, விழாவுக்குப் போய் நிக்கிறதுக்கு முன்னாடி" என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

போன் பண்ணினேன். "சொல்லு மச்சான்!" என்று சிரித்தபடி எடுத்தான். பழனியில் மழையா என்று கேட்டேன். இல்லை என்றான். இங்கே மழை என்றேன். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெரிய சேனல் ஒன்றில் என்னை வைத்துப் பத்து நிமிஷம் ஓட்டியிருக்கிறார்கள். 'ஏழு பல்லுப் பொன்னுவேல்' என்று பட்டம். மதியம் ரூம் கேட்டு வந்த ஒரு திருப்பூர்க் குடும்பம் என்னையே பார்த்தது. "நீங்கதானுங்களே அந்த ஏழு பல்லு?" என்றது. சாவியைக் கொடுத்தேன். அவர்கள் ரூமில் சுடுதண்ணீர் வந்தது. அது ஒன்றுதான் இன்றைக்கு நல்ல செய்தி.

வேலுச்சாமி அண்ணன் காதுக்கும் போய்விட்டது. "ஏலே, வாயத் தொற, எண்ணிப் பாக்குறேன்" என்கிறார். இனி நான் கேமராவை விட்டுவிட்டு வட்டக்கானலுக்கு வந்துவிடுவேன் என்ற சந்தோஷம் அவருக்கு.

உண்மையைச் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது. இருக்கிறதா?

அக்டோபர் 16, வியாழன்

நேரலை தொடங்கியபோதே மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. மேடையில் ஒருவர் திரையைப் பார்த்துக் கை நீட்டுகிறார். படம் அப்படியே நின்றுவிட்டது. நீட்டின கை நீட்டினபடி. லாட்ஜ் வாசலுக்கு ஓடினேன். மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். ஒன்றும் அசையவில்லை.

அப்போது சௌம்யா கூப்பிட்டாள். அவள் கடையில் வைஃபை இருக்கிறது. "ஏழு!" என்றாள்.

"என்ன ஏழு?"

"ஏழு கோருங்க! பெருசா போட்டிருக்கான் ஸ்கிரீன்ல! ஏழு!"

நம்பவில்லை. ஆறரை வாக்கில் மேகம் விலகினபோது நானே பார்த்தேன். போனில் வைத்த அதே எட்டுக் கோர் சிப்தான். தயாரிக்கும்போது சிலவற்றில் ஒரு கோர் மட்டும் சரியாக அமையாமல் போய்விடுகிறது. அதைத் தூக்கிப் போடாமல், அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு டேப்லெட்டில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த விலை. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

சொத்தையை நெம்பி எடுத்துவிட்டு ரெண்டாந்தரத்தில் போட்டிருக்கிறான்! எங்கள் அப்பா செய்ததையே செய்திருக்கிறான்! கண் முன்னால் நடந்தது, பூண்டை அழுத்தினவனே நான்தான். அதைப் பார்த்துவிட்டுப் பொய் சொல்ல எடுத்தேனே தவிர, நிஜமாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? என் சேனலில் நான் சொன்னது ஆறு. தப்பு. அடுத்தவனைக் கவிழ்க்கச் சொன்னது ஏழு. சரி.

சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? சௌம்யா வந்து கதவைத் திறந்தவுடன் சிரிக்க ஆரம்பித்தவள், சோறு வடிக்கும்போதும் சிரித்தாள்.

அக்டோபர் 17, வெள்ளி

உலகம் ஒரு கதை கட்டிவிட்டது. அதாவது, எனக்கு உண்மை முதலிலேயே தெரியுமாம். மச்சான் விழாவுக்குப் போகிறவன், அவன் ஜெயிக்கட்டும் என்று அவனுக்கு உண்மையைக் கொடுத்துவிட்டு, நான் வேண்டுமென்றே ஆறு என்று தப்பாகச் சொல்லிக்கொண்டேனாம். "இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான்" என்று ஒருவர் அழுதே வீடியோ போட்டிருக்கிறார். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என் சேனலுக்கு வந்த கூட்டம், ஏழு வருஷமாக வராத கூட்டம்.

அம்மா போனில் பேச முடியாமல் அழுதாள். "எங்க அண்ணன் மகனுக்காக விட்டுக்குடுத்தியாடா? இது தெரியாம ஒன்ன என்னென்னமோ பேசிட்டேனே."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பூம்பாறை. மாமா கதிரோடு தீபாவளிச் சீர் கொண்டுவந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் நேராக என்னிடம் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "மருமகனே, நீ மனுஷன்டா" என்றார். மாமா கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. இட்லியைக் கறிக்குழம்பில் பிசைந்துகொண்டே இருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் கதிர், "வா மச்சான், தோட்டத்தப் பாப்போம்" என்றான். மேல் வரப்பு வரைக்கும் போனோம். இதற்கு மேல் தாங்காது என்று நானே ஆரம்பித்தேன்.

"மாப்ள, அந்த கெஸ்டு..."

"கெஸ்டெல்லாம் ஒருத்தனும் வரலன்னு தெரியும் மச்சான்."

நின்றுவிட்டேன்.

"நீ ரிசப்ஷன் கொரல்ல பேசுன. எனக்கு 'ங்க' போடுற! பொறந்ததுல இருந்து என்னைய வாடா போடான்னு பேசுறவன், 'வந்துச்சுங்க மாப்ள'ங்கிற. அங்கயே தெரிஞ்சுபோச்சு, நம்மளக் கவுக்கப் பாக்குறான்னு."

"தெரிஞ்சும் ஏன்டா போட்ட?"

கதிர் என்னைப் பார்க்கவில்லை. கீழே பூம்பாறை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதனாலதான் ஒம் பேரப் போட்டேன். ஏழுன்னு எவனாச்சும் வப்பானா? தப்பாப் போகும், ஊரே ஒன்னையக் காறித் துப்பும்னு நெனச்சேன். போட்டோகூடத் தேடித்தான் எடுத்தேன். மாலையோட இருந்தா நல்லாச் சிரிப்பாய்ங்கன்னு."

நான் இவனுடைய நல்ல குணத்துக்கெல்லாம் பொறாமைப்பட்டேனே!

"ஒனக்கு என்னடா என்மேல வயித்தெரிச்சல்? நாலு லட்சம் பேரு வச்சிருக்க!"

"எந்த வீடியோ போட்டாலும் கீழ ஒருத்தன் வந்துர்றான் மச்சான், 'பல்லுக் கத அந்தப் பூம்பாறைக்காரரு சொன்னதாச்சே'ன்னு. எங்கப்பா வேற தெனமும், 'பொன்னுவேலு சொந்தமா யோசிக்கிறான், நீ கிளிப்பிள்ள'ங்கிறாரு." வரப்பு மண்ணைக் காலால் தட்டினான். "அந்த வார்த்தைய நான் எடுத்துக்கிட்டேன். சரி. அடுத்த வார்த்த? ஒரு வருஷமா உக்காந்து யோசிக்கிறேன், ஒண்ணுகூட வரல."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். கீழேயிருந்து அம்மா அண்ணாந்து பார்த்து மாமாவிடம் ஏதோ சொன்னாள். "பாருங்கண்ணே, எம்புட்டு ஒத்துமை" என்று சொல்லியிருப்பாள்.

இறங்கும்போது கேட்டேன்: "பெங்களூருல ஒண்ணும் கேக்கலையா?"

"கம்பெனிக்காரன் ஓரமாக் கூப்புட்டு, யாரு சொன்னது யாரு சொன்னதுன்னு கொடஞ்செடுத்துட்டான். பூம்பாறைப் பூண்டு சொல்லுச்சுன்னேன். அவன் அத ஏதோ சங்கேதப் பேருன்னு நெனச்சு எழுதிக்கிட்டான்."

வீட்டு வாசலில் மாமா எங்கள் இருவர் தோளிலும் கை போட்டுக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக நின்றோம்.

அக்டோபர் 22, புதன்

வேலுச்சாமி அண்ணனிடம் வட்டக்கானலுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். சொந்தக் குரலில்தான் சொன்னேன், கொஞ்சம் திக்கியது. "போலே, ஏழு பல்லு" என்றார். கோபம் இல்லை.

சௌம்யாவின் ஒரே நிபந்தனை: இனி யாரிடம் என்ன பேசினாலும் 'ங்க' எங்கே விழுகிறது என்று பார்த்துப் பேச வேண்டும். சரிங்க என்றேன். முறைத்தாள்.

நவம்பர் 12, புதன்

நெவ்ரா இன்று கைக்கடிகாரம் அறிவித்திருக்கிறது. உள்ளே என்ன பிராசஸர் என்று இதற்கும் வாய் திறக்கவில்லை. வெள்ளனே கதிர் போன். நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், எத்தன பல்லு?"

"ரெண்டு. போன வருஷத்துதேதான். பேட்டரி அளவப் பாருடா, வேற எதும் அதுக்குள்ள போகாது."

"இது எந்தக் கொரலு?" என்றான்.

"வாய்ல கஞ்சிய வச்சுக்கிட்டு எந்தக் கொரல்டா வரும்? போன வையி."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்புறம் நினைத்தேன். என் வீடியோவை எடுத்து முடித்து அப்லோடு போட்டேன். மேகம். சுற்றுகிறது. அவன் வீடியோ அதற்குள் வந்துவிட்டது, இப்போதே ஓடு ஓடு என்று ஓடுகிறது. முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். "நண்பர்களே, அடித்துச் சொல்கிறேன், இரண்டே பல்லு. பேட்டரி அளவைப் பாருங்கள். இது முழுக்க முழுக்க என்னுடைய கணிப்பு."

என் பெயரைச் சொல்லவில்லை. போட்டோ இல்லை. மச்சான் என்ற வார்த்தைகூட இல்லை.

இன்னொரு தடவை பார்த்தேன். எங்கேயாவது சொல்கிறானா என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். சொல்லவேயில்லை.

ஆக, என் வார்த்தையை நம்பிவிட்டான், களவாணிப் பய.